பதினேழாவது பேட்டரி

வூஷி,
ஜூலை 19, ஞாயிறு

அன்புள்ள மகள் யாவ்லினுக்கு அப்பா எழுதுவது.

இங்கே அம்மாவின் இடது முழங்கால் நீங்கலாக நாங்கள் இருவரும் சுகம். மழை விட்டால் முழங்காலும் சுகமாகிவிடும் என்று அம்மா சொல்கிறாள். நீ குன்மிங்கில் வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறேன். போன ஞாயிறு ராத்திரி போனில் நான் சொன்னபடி மின்சார வண்டியின் பேட்டரியைச் சார்ஜரிலிருந்து பிடுங்கிக் கீழே வெட்டவெளியில் வைத்துவிட்டாய் அல்லவா. வைத்திருந்தால் மேலே படி. வைக்கவில்லை என்றால் இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு முதலில் அதைச் செய், கடிதம் எங்கும் ஓடிப்போகாது. நான் அப்படிச் சொன்னதும் நீ சிரித்துக்கொண்டே, நீங்க கட்டிக் குடுத்ததுதானேப்பா, அதுக்கு என்ன வந்துச்சு என்று கேட்டாய். அதற்கு நான் இருமினேன். எனக்கு இருமல் எதுவும் இல்லை. போனில் சொல்ல ஆரம்பித்தால் அம்மா பக்கத்தில் நின்று ஒவ்வொரு வரிக்கும் திருத்தம் சொல்வாள், நானும் நடுவில் எங்கேயாவது வேடிக்கையாகப் பேசித் தப்பித்துவிடுவேன். அதனால்தான் பேனா. எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள், நான் எட்டாம் வகுப்போடு நிறுத்தியவன், அந்த எட்டிலும் பாதி நாள் பக்கத்துக் கடையில் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தேன்.

முதலில் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன், எப்படியும் அம்மா சொல்லியிருப்பாள். வசந்த காலத்தில் ஊரின் மறுபக்கத்து அடுக்குமாடி ஒன்றில் மாடிப்படிக்குக் கீழே சார்ஜில் இருந்த பேட்டரி ஒன்று எரிந்து பெரிய விபத்தாகிவிட்டது. அதற்குப் பிறகு நம் குடியிருப்புக் கமிட்டியின் ருவான் மேடம், நீ பள்ளிக்கூடம் படிக்கும்போது உன்னைப் பார்த்தாலே தலைமுடியைப் பின்னச் சொல்வாரே அவர்தான், கடைக்கு வந்து, பியன் அண்ணே, நம்ம வளாகத்துல இருக்கிற எல்லா பேட்டரியையும் நீங்கதான் பாத்துத் தரணும் என்று சொல்லிக் கமிட்டித் தொண்டருக்கான சிவப்புத் துணிப்பட்டை ஒன்றைக் கையில் கட்டிவிட்டார். ஞாயிற்றுக்கிழமைதோறும் சைக்கிள் கொட்டகையில் மேஜை போட்டு உட்கார வேண்டும். நல்ல பேட்டரிக்குப் பச்சை ஸ்டிக்கர், சந்தேகத்துக்கு மஞ்சள், ஆகாததற்குச் சிவப்பு. சிவப்பு ஒட்டியது நேரே வெட்டவெளியில் மணல் நிரப்பிய இரும்புப் பெட்டிக்குள் போய்விடும், பிறகு அதை எடுத்துப்போக வண்டி வரும். முதல் ஞாயிறு ஐந்தாவது மாடிக் கிழவர் ஒருவர் தூக்க முடியவில்லை என்றதால் நான் மேலே போய், அவருடைய பேட்டரியை அம்மாவின் காய்கறி இழுவைப் பையில் வைத்து லிஃப்டுக்குள் இழுத்துக்கொண்டு நுழைந்தேன். மின்சார வண்டியை லிஃப்டில் ஏற்றாமல் தடுக்கப் புதிதாக வைத்திருக்கிறார்களே கேமரா, அது என் இழுவைப் பையின் இரண்டு சக்கரத்தைப் பார்த்து மின்சார வண்டி என்று முடிவு செய்துவிட்டது. கதவு மூடவில்லை. மின்சார வண்டியுடன் ஏறாதீர்கள், உடனே வெளியேறுங்கள் என்று ஒரு பெண்குரல் மாடி முழுக்கக் கேட்கக் கத்துகிறது. பையை வெளியே எடுத்தால் பேசாமல் இருக்கிறது, உள்ளே வைத்தால் கத்துகிறது. கடைசியில் படி வழியாக இறங்கி வந்தால், சத்தம் கேட்டு முடிவெட்டும் கூ ஒரு வாடிக்கையாளரைப் பாதி மழித்த முகத்தோடு உட்காரவைத்துவிட்டுப் படியடியில் நிற்கிறான். என்ன ஆபீசர், மொத ஆளா உங்களையே புடிச்சிருச்சா என்றான். அன்றிலிருந்து வளாகத்தில் என் பெயர் லிஃப்ட் ஆபீசர். யோசித்துப் பார்த்தால் லிஃப்ட் சொன்னதுதான் சரி, பேட்டரியை லிஃப்டில் ஏற்றவே கூடாது. மூடிய பெட்டிக்குள் ஒன்று பற்றிக்கொண்டால் உள்ளே இருப்பவனுக்குப் போக இடம் கிடையாது. எனக்குத் தெரியாததில்லை, முழங்கால் வலி அம்மாவுக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொள்ளாதே.

மூன்று ஞாயிறில் நூற்றுப்பத்து பேட்டரிக்கு மேல் பார்த்தேன். ஜனங்கள் செய்திருக்கும் வேலையைக் கேட்டால் சிரிப்பாய். ஒருவர் குளிர்காலத்தில் பேட்டரிக்குக் குளிருமே என்று பஞ்சு மெத்தைக்குள் சுற்றிவைத்துச் சார்ஜ் ஏற்றியிருக்கிறார். நாலாவது பிளாக்கில் மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்து கீழே நிற்கும் வண்டி வரைக்கும் ஒயர் தொங்குகிறது, நடுவில் அதிலேயே துணி காய்கிறது. சார்ஜர் கெட்டுப்போனால் முனை பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்து எது கிடைத்தாலும் வாங்கிவிடுகிறார்கள், நாற்பத்தெட்டு வோல்ட் பேட்டரிக்கு அறுபது வோல்ட் சார்ஜர். ஏங்க இது ஒத்துக்காதுங்க என்றால், ஏறுதே ஆபீசர், சீக்கிரமா வேற ஏறுது என்கிறார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. இவர்களுக்கு நல்லது சொல்கிறவன் நான்தான் என்ற நினைப்பில் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டே நடந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். அம்மா இரண்டு தடவை, அந்தப் பட்டையக் கழட்டிட்டுச் சாப்பிட உக்காருங்க என்றாள்.

இந்த மூன்று ஞாயிறும் வராத ஆள் ஹுயிலான். அன்ஹுய் பக்கத்துப் பெண், ஏழாம் பிளாக் மூன்றாம் மாடியில் ஒற்றை அறையில் தன் மகளோடு இருக்கிறாள், புருஷன் வெளியூரில் கட்டட வேலை. நீ இருக்கும்போதே சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையில் இருந்தாள், ஒருமுறை மழையில் உன்னைப் பின்னால் உட்காரவைத்துப் பரீட்சைக்குக் கொண்டுபோய் விட்டாளே, அவள்தான். இப்போது பீச் பழ சீசன், காலையிலிருந்து இருட்டும்வரை யாங்ஷான் தோட்டத்துப் பழப்பெட்டிகளை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கிறாள், அவளுக்கு ஒரு மணி நேரம் என்பது பெரிய விஷயம். வழியில் பார்த்துக் கேட்டால், அண்ணே, நீங்க கட்டின பேட்டரிய நீங்களே எதுக்குப் பரிசோதிக்கணும், போங்கண்ணே என்று சிரித்துக்கொண்டே போய்விடுவாள். அதைக் கேட்க எனக்கு நன்றாகத்தான் இருந்தது, மறைக்க மாட்டேன்.

உனக்குத் தெரியும், ஐந்து வருஷத்துக்கு முன்னால் வரை நான் கையால் பேட்டரி கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பழைய செல்களை, விரல் நீளத்துக்கு உருளை உருளையாக இருக்குமே அதை, வாங்கிவந்து, மீட்டரில் அளந்து, நல்லதைப் பொறுக்கி, பதிமூன்று வரிசை, வரிசைக்குப் பத்து என்று அடுக்கி, நிக்கல் தகடு வைத்து ஒட்டி, மேலே நீலத் தாளைச் சுற்றிச் சூடு காட்டினால் கடைச் சரக்கு மாதிரியே இருக்கும். அப்போது எல்லோரும் அப்படித்தான் கட்டினார்கள், இதைச் சமாதானமாகச் சொல்லவில்லை, தகவலாகச் சொல்கிறேன். மொத்தம் பதினேழு கட்டினேன். பதினாறாவது ஹுயிலானுக்கு. பதினேழாவது உனக்கு, நீ குன்மிங் போகும்போது லாரியில் வண்டியோடு அனுப்பினேனே அது. இரண்டும் ஒரே வாரத்தில், ஒரே பெட்டிச் செல்லிலிருந்து கட்டியவை.

போன ஞாயிறு ருவான் மேடம், எல்லாரும் சேந்து வர்ற நாளு, ஒரு பேட்டரியப் பிரிச்சு உள்ள என்ன இருக்குன்னு காட்டுங்கண்ணே, அப்பத்தான் பயம் வரும் என்றார். நல்ல பேட்டரியைக் காட்டினால்தான் எப்படி இருக்க வேண்டும் என்று புரியும், கெட்டது எங்கும் கிடைக்கும் என்று நான் பெரிய மனுஷன் மாதிரிச் சொன்னேன். நல்ல பேட்டரி என்றதும் எனக்கு ஞாபகம் வந்தது ஹுயிலானுடையது. நானே படியேறிப் போனேன். கதவைத் திறந்ததும் அறை முழுக்கப் பழ வாசனை, கட்டிலுக்கு அடியில் பெட்டி பெட்டியாகப் பீச், நடுவில் பேட்டரி சார்ஜில் இருக்கிறது, கட்டிலில் அவள் மகள் தூங்குகிறாள். உக்காருங்கண்ணே, இன்னும் அரை மணி நேரத்துல நிரம்பிடும், எடுத்துட்டுப் போங்க என்று சொல்லி ஒரு பழத்தைக் கழுவிக் கொடுத்தாள். நான் அந்தக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, சாறு மணிக்கட்டுவரை ஒழுக ஒழுக முழுப் பழத்தையும் தின்றேன். நல்ல வாசனைம்மா இந்த வருஷப் பழம் என்று வேறு சொன்னேன். ஆமாண்ணே, போன மாசம் பழம் வர்றதுக்கு முன்னாடியே ரூம்ல இந்த வாசனை வந்துருச்சு என்றாள்.

யாவ்லின், செல் கசிந்தால் இனிப்பான வாசனை வரும். நகத்துச் சாயம் மாதிரியும் அழுகத் தொடங்கிய பழம் மாதிரியும் இருக்கும். இதை நான் இரண்டு ஞாயிறு மேஜை மேல் ஏறி நின்று எல்லோருக்கும் சொன்னவன். அந்த வாசனையின் மேலேயே உட்கார்ந்து அரை மணி நேரம் பழம் தின்றிருக்கிறேன். அவள் பேச்சைக் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது, கையிலிருந்த கொட்டையைக் கீழே வைத்தேன். மெதுவாகக் குனிந்து பிளக்கைப் பிடுங்கினேன், பேட்டரியைத் தொட்டால் வெதுவெதுப்பாக இல்லை, சுட்டது. ஹுயிலானிடம், பாப்பாவ எழுப்பிக் கூட்டிக்கிட்டு கீழ வா என்றேன். என்னண்ணே என்றாள். கீழ வா, சொல்றேன் என்றேன். நான் பேட்டரியைப் பிடித்த விதத்தைப் பார்த்து அவள் மகளைத் தூக்கிக்கொண்டாள். உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு மூன்று மாடி இறங்கினேன். அறுபத்து மூன்று வயதில் அவ்வளவு வேகமாக இறங்க முடியும் என்று எனக்கே தெரியாது. வாசனை என்கூடவே இறங்கி வந்தது, பழமெல்லாம் மேலேயே இருந்தது.

மணல் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்து, எல்லோரையும் தூரத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு ஒன்றரை மணி நேரம் ஆறவிட்டேன். அப்படியே பெட்டிக்குள் போட்டு மூடியிருக்கலாம், விதிப்படி அதுதான் சரி. ஆனால் எனக்குப் பார்க்காமல் இருக்க முடியவில்லை, கையுறை போட்டுக்கொண்டு பிரித்தேன். அளந்தால் பதிமூன்று வரிசையில் பதினொன்று சமமாக இருக்கின்றன, இரண்டு மட்டும் கீழே இறங்கிக் கிடக்கின்றன. நீலத் தாளைக் கிழித்தால் அந்த இரண்டு வரிசையில் நாலு செல்லின் தலையில் பழுப்பாகத் தீய்ந்த தடம். உனக்குப் புரிகிற மாதிரிச் சொல்கிறேன். செல்லின் தலை நடுவில் இருப்பது ஒரு முனை, அதைச் சுற்றி இருக்கும் விளிம்பு அடுத்த முனை, இரண்டுக்கும் இடையே ஒரு அரிசி அகலம்தான். தகடு நடுவை மட்டும் தொட வேண்டும், விளிம்பைத் தொட்டால் அங்கேயே தீ. அதற்காக ஒவ்வொரு தலைக்கும் ஒரு பச்சைத் தாள் வளையம் வைப்போம். தொழிலில் அதற்குப் பார்லித் தாள் என்று பெயர், ஏன் அந்தப் பெயர் என்று எனக்கு இன்னும் தெரியாது. இதில் அந்த வளையம் ஒன்றுகூட இல்லை. வெறும் டேப் ஒட்டியிருந்தது. ஐந்து வருஷம் ரோட்டில் குலுங்கிக் குலுங்கி டேப் தேய்ந்து, தகடு விளிம்பைத் தொட ஆரம்பித்திருக்கிறது.

கூ எட்டிப் பார்த்துவிட்டு, எந்தப் புண்ணியவான் கட்டினது இது, கை வெளங்காம போக என்றான். நாலு பேர் சிரித்தார்கள். நான் கண்ணாடியைத் தேடுகிற மாதிரிச் சட்டைப் பையைத் தடவினேன், கண்ணாடி மூக்கிலேயே இருந்தது. ஹுயிலான் மட்டும் சிரிக்காமல் மகளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்குத்தான் தெரியுமே. உள்ளே ஒட்டியிருந்த சீட்டில் என் கையெழுத்தில் என் பெயரும் கடை போன் நம்பரும் இருந்தன, ரிப்பேர் வந்தால் கூப்பிட வேண்டும் என்று அந்தக் காலத்தில் பெருமையாக எழுதி ஒட்டுவேன். அதைச் சத்தமாகப் படித்தேன். பியன் ஷோவ்கென், நம்பர் இன்னது. பிறகு சிவப்பு ஸ்டிக்கரை எடுத்து என் பெயருக்கு மேலேயே ஒட்டினேன். ருவான் மேடம் மட்டும் மெதுவாக, ஏண்ணே, அந்த வளையத்த ஏன் வைக்கல என்று கேட்டார். தாள் தீந்துபோச்சு என்றேன். அவர் தலையை ஆட்டினார். ஹுயிலான், அஞ்சு வருஷம் ஓடிச்சுல்லண்ணே, விடுங்க என்றாள். அவள் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

சீசன் நடுவில் அவளால் வண்டி இல்லாமல் இருக்க முடியாது. என் வண்டியில் போன வருஷம் கடையில் வாங்கிய முத்திரை போட்ட புது பேட்டரி இருக்கிறது, வண்டியோடு அவளிடம் கொடுத்துவிட்டேன். வேண்டாண்ணே என்றாள். நான், ஒனக்காக இல்லம்மா, நான் தூங்கணும்ல என்றேன். இப்போது கடைக்கு நடந்துதான் போகிறேன், தொப்பை குறையும் என்கிறாள் அம்மா, ஒரு வாரத்தில் குறைந்ததாகத் தெரியவில்லை. பேட்டரியைப் பிரித்த அன்றைக்குச் சாயங்காலம் கடையை அடைக்கப் போகும்போது கூ வந்து ஒரு பேட்டரியை மேஜையில் வைத்தான். அவனுக்கும் நான் கட்டிக் கொடுத்ததுதான், ஏழாவதோ எட்டாவதோ. என்னுதையும் பாத்துருங்க ஆபீசர், எனக்கு இருக்கறது ஒரே கடை என்றான். அதற்கப்புறம் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை, போய்விட்டான். ஹுயிலானுடையது போக மீதி பதினைந்தையும் இந்த ஒரு வாரத்தில் தேடிப் பிடித்தேன். ஆறு ஏற்கெனவே பழைய இரும்புக்குப் போயிருந்தன, ஒன்பதைப் பிரித்தேன். எல்லாவற்றிலும் தலைக்கு ஒரு வளையம் இருந்தது. ஆனாலும் செல்லுக்கு வயதாகிவிட்டது, எல்லாவற்றுக்கும் சிவப்புதான் ஒட்டினேன். செல்லை ஒட்டும் மிஷினை ருவான் மேடத்திடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டேன், இனிமேல் நான் பஞ்சர், பிரேக், விளக்கு, அவ்வளவுதான். பாக்கி பதினேழாவது ஒன்று.

அதனால் நான் சொல்வதைக் கவனமாகச் செய். அதை நீ பிரிக்காதே. குப்பையில் போடாதே. லிஃப்டில் கொண்டுபோகாதே, அந்தப் பெண்குரல் கத்துவதற்காக மட்டும் சொல்லவில்லை. நீ வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்குப் பின்பக்கத்துத் தெருவில் நம் ஊர்க்காரர் ஒருவர் வண்டிக்கடை வைத்திருக்கிறார், முகவரி தனிச் சீட்டில் எழுதியிருக்கிறேன், அவரிடம் பேசியாயிற்று. அவரே வந்து எடுத்துப்போவார், உன் பெயரில் புது பேட்டரி வைத்திருக்கிறார். பழைய சார்ஜரையும் சேர்த்துக் கொடுத்துவிடு, முனை பொருந்தினாலும் புதிதில் குத்தாதே. புதியதைக் கீழே கொட்டகையில் சார்ஜ் ஏற்று, நிரம்பியதும் பிடுங்கிவிடு. புத்தாண்டுக்கு நீ அனுப்பிய போட்டோவைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன், உன் அறை வாசலை ஒட்டி பேட்டரி சார்ஜில் இருக்கிறது. வெளியே போக இருப்பது அந்த ஒரு கதவுதான், அதை மறித்து எதையும் வைக்காதே. அதே போட்டோவில் அந்தக் கதவுக்குப் பக்கத்தில் இரண்டு ஜோடிச் செருப்பு இருப்பதாகவும் ஒரு ஜோடி பெரிதாக இருப்பதாகவும் அம்மா சொல்கிறாள். நான் பேட்டரியைத்தான் பார்த்தேன். செருப்பைப் பற்றி அவளே உனக்குப் போன் செய்வாள், பதிலைத் தயார் செய்து வைத்துக்கொள். நல்ல பையனாக இருந்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை, வாசலை மறிக்காமல் செருப்பு விடச் சொல்.

பீச் பழம் அனுப்பச் சொல்லி அம்மா ஒற்றைக் காலில் நிற்கிறாள், குன்மிங் வந்து சேர்வதற்குள் கூழாகிவிடும் என்றால் கேட்கவில்லை. எனக்கு இந்த வருஷம் பழம் இறங்கவில்லை, என் பங்கையும் அவளே சாப்பிடுகிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள். வேலையில் நல்ல பேர் எடுத்து, நாலு பேருக்கு உதவியாக, நீண்ட ஆயுசோடு இரு. கடைக்காரர் பேட்டரியை எடுத்துப்போன அன்றைக்கே ஒரு வார்த்தை தெரியப்படுத்து, அதுவரை நான் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருப்பேன்.

எப்போதும் உன் நினைவாக,
அப்பா
பியன் ஷோவ்கென்

பின்குறிப்பு: கடிதத்தை மடித்துவிட்டுத் திரும்பப் பிரித்தேன். கடைக்காரர் உன் பேட்டரியைப் பிரிக்கும்போது நீ பக்கத்தில் நின்று பார்ப்பாய், நீ சும்மா இருக்க மாட்டாய் என்று தெரியும், அதனால் முன்கூட்டியே நானே எழுதிவிடுகிறேன். தாள் தீர்ந்துபோச்சு என்று ருவான் மேடத்திடம் சொன்னது பொய் இல்லை. உனக்கும் ஹுயிலானுக்கும் தலைக்கு ஒரு வளையம் வீதம் சரியாக அளந்துதான் தாள் வாங்கி வந்தேன். வரிசைப்படி அவளுடையதுதான் முதலில், ஆனால் வளையத்தை உன்னுடையதற்குத்தான் முதலில் வைத்தேன். அது எங்கே போய்த் தீர்ந்தது என்று அங்கே யாரும் கேட்கவில்லை, ஹுயிலான் நின்றுகொண்டிருந்தாள், நானும் வாய் திறக்கவில்லை. உன்னுடையதில் ஒவ்வொரு தலைக்கும் இரண்டு வளையம் இருக்கும்.